அஞ்சு கால், அஞ்சு கட்டை

யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறவர் ஸ்பீக்கர் வாங்கப் போவதில் ஒரு சங்கடம் உண்டு. மின்தடையை அளக்கும் அலகின் பெயர் ஓம். ‘ஆமாம்’ என்பதற்கும் இங்கே ஓம்தான்.

“அண்ணை, இது நாலு ஓமோ?”

“ஓம்.”

“எட்டு ஓமும் இருக்கோ?”

“ஓம்.”

“அப்ப இது எத்தினை ஓம்?”

“ஓம் தம்பி, அதைத்தானே சொல்லுறன்.”

இதை எழுதுகிறவர் அப்படி வாங்கிய ஸ்பீக்கரை அளவெட்டிக்குக் கொண்டுவந்து மீற்றரில் வைத்தபோது அது 3.4 என்று காட்டியது. நாலும் இல்லை, எட்டும் இல்லை. கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார் என்று அன்றிரவு முழுதும் பொருமினார். ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் 4 ஓம் என்பது பாட்டு ஓடும்போது ஆடலோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு; மீற்றர் அனுப்புவதோ நேரோட்டம், அதற்கு எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். இந்த ஞானம் இரண்டு வாரம் கழித்து வந்தது. கடைக்காரர் நேர்மையானவர். அவர் சொன்னது நாலு ஓம். ஓம்.

இவருக்கு வயது நாற்பத்தைந்து. பகலில் கணக்கு எழுதுகிற வேலை, இரவில் அம்பிளிபயர் கட்டுகிற வேலை. முதல் வேலையில் வருவது இரண்டாவதில் போகிறது. இதுவரை பதினொரு அம்பிளிபயர் கட்டியிருக்கிறார். அவற்றில் வேலை செய்பவை மூன்று என்பது அவருடைய கணக்கு. வீட்டுக்காரியின் கணக்கில் ஒன்றரை.

அதிலும் கட்டுகிற இடம் அளவெட்டி. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அது இதுதான். நாதஸ்வர மேதை என்.கே. பத்மநாதனின் ஊர் இது. தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) வாழ்ந்த ஊர். கும்பழாவளைப் பிள்ளையார் வெளிவீதியில் ஒரு நாயனமும் இரண்டு தவிலும் எழும்பினால் வயல் கடந்து கேட்கும். அதற்கு பியூஸும் வேண்டாம், பற்றறியும் வேண்டாம். சத்தத்தைப் பெருக்கித் தரச் சொல்லி இந்த ஊர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்காததைச் செய்துகொடுப்பதில் இவருக்கு ஒரு பிடிவாதம்.

இவர் கட்டுகிற அம்பிளிபயரின் உயிர் ஒரு சிப். பெயர் ரி.டி.ஏ. 2030. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டு, முதுகில் ஓட்டை போட்ட ஒரு உலோகத் தகடு, கீழே ஐந்து கால். முதலாவது காலில் பாட்டு உள்ளே போகும், நாலாவது காலில் பெரிதாகி வெளியே வரும். ஐந்தாவது கால் நேர் மின்சாரம், மூன்றாவது மறை மின்சாரம். இரண்டாவது கால், வெளியே போனதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டி ‘இவ்வளவுதான் பெருக்கச் சொன்னது, கூட்டாதே’ என்று எச்சரிப்பதற்கு. எவ்வளவு பெருக்குவது என்பதை இரண்டு ரெசிஸ்ரர்கள் தீர்மானிக்கும். தயாரித்தவர்களின் படத்தில் உள்ளபடி 22,000 ஓமும் 680 ஓமும் போட்டால் 33 மடங்கு. அவ்வளவுதான் விஷயம். ஒரு காலத்தில் வீட்டு அம்பிளிபயருக்குக் கைநிறைய ரான்சிஸ்ரர்களைப் பொறுக்கிச் சோடி சேர்த்துப் பூட்டி, சூடேறச் சூடேறத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தலைவலியை எல்லாம் இத்தாலிக்காரர் ஒரு கறுப்புத் துண்டுக்குள் அடைத்து, ஒரு கொத்து ரொட்டியின் விலைக்கும் குறைவாக உலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றையும் உள்ளே வைத்தார்கள். ஸ்பீக்கர் வயர் இரண்டும் ஒன்றோடொன்று முட்டினால் சிப் தன் ஓட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும். அளவுக்கு மீறிச் சுட்டால் தானே நின்று, ஆறிய பிறகு தானே தொடங்கும். அதாவது அதை வடிவமைத்த பொறியியலாளர்களுக்கு இவரை முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அளவெட்டியில் இப்படி ஒருவர் இரவு பதினொரு மணிக்கு, ஒரு கையில் தேத்தண்ணியும் மறுகையில் ஈயக்கோலுமாக உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்த்துத்தான் அவர்கள் வேலை செய்திருக்கிறார்கள்.

ஆனாலும் மனிதன் கெடுப்பதற்கென்று சிப்புக்கு வெளியே நாலு இடம் மிஞ்சியிருக்கிறது. பவர், சூடு, ஏர்த், பெட்டி. இவர் நாலையும் விட்டுவைக்கவில்லை.

பெட்டியில் தொடங்கினால்தான் முறை. ஏனென்றால் இந்த வியாதி பெட்டியில்தான் தொற்றியது.

1990 ஜூனில் சண்டை திரும்பவும் தொடங்கியதோடு குடாநாட்டில் கறண்ட் போனது. போனது என்றால் பின்னேரம் வரும் என்கிற போக்கு இல்லை; வருடக்கணக்கான போக்கு. கொழும்பிலிருந்து வரத் தடைசெய்த சாமான்களின் பட்டியலில் பெற்றோலும் இருந்தது, பற்றறியும் இருந்தது. சனம் சும்மா இருக்கவில்லை. நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஏமாற்றி மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைத்தது. செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னொரு நாள் உயிர் பிடித்தது. அதுவும் முடிந்தபோது சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவைச் சில்லில் சாய்த்து, கையால் பெடலைச் சுற்றி ரேடியோ கேட்டது. அந்தப் போத்தல் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற். அதுவும் ஆடலோட்டம். நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் பூட்டி அதை நேராக்க வேண்டும். குடாநாட்டுப் பிள்ளைகள் டயோட் என்ற சொல்லைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே காதால் அறிந்தது அப்படித்தான்.

இடம்பெயர்ந்து ஒண்டியிருந்த வீட்டின் விறாந்தையில் இவருடைய தமையனார் ரேப் ரெக்கோடர் ஒன்றை அப்படி ஓடவைத்தார். தமையனார் மூத்தவர் என்பதால் பாட்டுக் கேட்பது அவருடைய பொறுப்பு. சுற்றுவது இவருடைய பொறுப்பு. கை சோர்ந்தால் வோல்ற் இறங்கும், வோல்ற் இறங்கினால் ரேப் மெதுவாகச் சுற்றும், பி. சுசீலா ரி.எம். சௌந்தரராஜன் ஆகிவிடுவார். “டேய், சுசீலாவைச் சுசீலாவா வைச்சிரு!” என்று தமையனார் கத்துவார். இசையின் சுருதி தன் தோள்மூட்டில் தங்கியிருக்கிறது என்ற பயங்கர உண்மையைப் பன்னிரண்டு வயதில் அறிந்த ஒருவர், பிறகு வாழ்நாள் முழுதும் பவர் சப்ளையைக் கட்டி அழுவதில் ஆச்சரியம் இல்லை.

ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்யப் பலகை இல்லை. இருந்த பலகை பங்கருக்குப் போனது. ஆகவே தமையனார் குசினியிலிருந்து ஒரு மண்பானையை எடுத்து, ஸ்பீக்கரை அதன் வாயில் கவிழ்த்தார். பேஸ் வந்த வரவு! அன்றைக்கு விறாந்தையில் இருந்த எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சோறு எதில் வைப்பது என்று அம்மா கேட்டது யாருக்கும் கேட்கவில்லை. பானைக்குள் எதிரெதிரான தட்டைச் சுவர் இல்லாததால் சத்தம் மோதி மோதி நின்று குழம்பாது. அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஒல்சன், ஸ்பீக்கர்ப் பெட்டியை எந்த வடிவத்தில் செய்தால் நல்லது என்று உருளை, கூம்பு, கனசதுரம், கோளம் என ஒரு டசின் வடிவங்களைச் செய்து அளந்து பார்த்தார். அவர் 1951-இல் எழுதிய கட்டுரையின் முடிவு: கோளத்தில் பூட்டிய ஸ்பீக்கரின் சத்தமே மிக ஒழுங்காக வந்தது. ஒல்சனுக்கு ஆய்வுகூடம் இருந்தது. தமையனாருக்குப் பானை இருந்தது.

இதில் யாழ்ப்பாணத்தாருக்குத் தனிப் பெருமை கொண்டாட இடமில்லை. இலங்கையின் முதல் வானொலியே கிடைத்ததைக் கொண்டு கட்டியதுதான். 1923-இல் கொழும்புத் தந்தி அலுவலகத்தில், பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பரும் கூட்டாளிகளும் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிச் சாமான்களைக் கழற்றி ஒரு ஒலிபரப்பி செய்து, கிராமபோன் இசையைக் காற்றில் விட்டார்கள். 1925 டிசம்பர் 16-இல் முறையான கொழும்பு வானொலி பிறந்தது. பின்னாளில் ஆசியாவே காது கொடுத்த நிலையத்தின் தொடக்கம், யாரோ ஒருவருடைய உடைசல் பெட்டிக்குள் கையை விட்டதுதான். இந்தக் கதையை இவர் வீட்டுக்காரியிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் உடைசல் பெட்டியை எறிய வேண்டும் என்று பேச்சு வரும்போது.

சண்டைக்குப் பிறகு சாமான் தாராளமாக வந்தது. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சிப், போர்ட், ரான்ஸ்போமர் எல்லாம் கோப்பைக் கணக்கில் அள்ளலாம். 2019 ஒக்ரோபரில் பலாலி விமான நிலையம் சென்னைக்குத் திறந்தபோது, இவர் கண்ணுக்கு அது காசிக்கும் திருப்பதிக்குமான வழியாகத் தெரியவில்லை. சென்னையில் இந்தச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு வழியாகத் தெரிந்தது. அந்தத் தெருவுக்குப் போகவிருந்த உறவினர் ஒருவரிடம் ஒரு பட்டியல் கொடுத்து அனுப்பினார். வயர்ச்சுருளும் பற்றறியும் உருளை உருளையான கொண்டென்சர்களும் அடங்கிய பொதியோடு பயணம் செய்வது வடபகுதித் தமிழனுக்கு எந்தக் காலத்திலும் உகந்த காரியமல்ல என்பதை அந்த உறவினர் திரும்பி வந்து விளக்கினார். பொதியைத் திறந்து பார்த்தவர் “இது என்ன?” என்று கேட்டாராம். “பாட்டுக் கேக்கிற சாமான்” என்று உறவினர் சொன்னாராம். “அப்ப பாட்டுப் போட்டுக் காட்டு” என்றாராம். இப்போது அந்த உறவினர் மசாலாத் தோசை தவிர வேறெதற்கும் பட்டியல் வாங்குவதில்லை.

வந்த கிட்டைக் கட்டுவதில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு பதின்மூன்று சாமான். ரெசிஸ்ரரில் நிறக் கோடுகள் இருக்கும்: கறுப்புக்குப் பூச்சியம், மண்ணிறத்துக்கு ஒன்று, சிவப்புக்கு இரண்டு, செம்மஞ்சளுக்கு மூன்று. மேசைவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், நாற்பது தாண்டிய கண்ணுக்கு, சிவப்பும் செம்மஞ்சளும் மண்ணிறமும் ஒரே குடும்பம். இவர் மகனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். மகன் ஒவ்வொரு ரெசிஸ்ரருக்கும் ஐந்து ரூபா கேட்பான். சந்தையில் ரெசிஸ்ரரின் விலை அதைவிடக் குறைவு.

பிறகு பவர். ரான்ஸ்போமரில் 12-0-12 என்று எழுதியிருந்தது. சிப் தாங்கக்கூடியது பக்கத்துக்கு 18 வோல்ற். பன்னிரண்டு எங்கே, பதினெட்டு எங்கே, தாராளம் என்று இவர் துள்ளினார். ஆனால் ஆடலோட்டத்தின் 12 வோல்ற் டயோட்டைத் தாண்டிக் கொண்டென்சரில் ஏறும்போது உச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய 17 ஆகிவிடும். அதில் டயோட் ஒரு வோல்ற்றுக்கு உட்பட்ட தரகு எடுக்கும். சரி, 16. ஆனால் அந்த 12 என்பது ரான்ஸ்போமர் முழுச் சுமையோடு இழுக்கும்போது. சும்மா நிற்கும்போது அதைவிடக் கூட. ஊர் உறங்கும் சாமத்தில் லைனில் வரும் 230-உம் கொஞ்சம் மேலே ஏறும். எல்லாம் சேர்ந்து பதினெட்டைத் தொட்டுவிடும். 12 என்று வாங்கியது 18 ஆனால் வியாபாரிக்கு இலாபம். சிப்புக்கு அது கடைசி மூச்சு.

அதோடு சூடு. சிப்பின் முதுகுத் தகடு வெறும் தகடல்ல; அது உள்ளே மூன்றாவது காலோடு, அதாவது மறை மின்சாரத்தோடு, சேர்ந்தது. அலுமினியத் துண்டில் பூட்டும்போது இடையில் மைக்காத் தாள் வைக்க வேண்டும். இவர் வைத்தார். மிகக் கவனமாக, தாளின் இரு பக்கமும் வெள்ளைப் பசை பூசி வைத்தார். அதன்பின் ஓர் இரும்பு ஆணியை நடுவில் செலுத்தி இறுக்கினார். மைக்கா தடுத்ததை ஆணி இணைத்தது. அலுமினியத் துண்டு பெட்டியைத் தொட்டது. பெட்டி ஏர்த்தைத் தொட்டது. பெட்டி என்பது மலிபன் பிஸ்கற் தகரம். இலங்கையில் பிஸ்கற் முடிந்த பிறகுதான் அந்தத் தகரத்துக்கு உண்மையான வாழ்க்கை தொடங்கும்.

பியூஸ் இருந்திருந்தால் அது செத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கும். பியூஸ் முந்தின கிழமையே போய்விட்டது. அந்த இடத்தில் இவர் வைத்திருந்தது ஒரு செப்புக் கம்பி.

கேட்ட சத்தம் இவருடைய அம்பிளிபயர் வாழ்க்கையில் மிகப் பெரிய சத்தம். கொண்டென்சர் ஒன்று மூடியைத் திறந்துகொண்டு மோட்டுவளைக்குப் போனது. அறை முழுதும் மீன் கருகின மணம். ஒருகாலத்தில் அந்தச் சத்தத்துக்குப் பங்கருக்கு ஓடிப் பழகிய மாமி, படுக்கையிலிருந்து எழும்பாமலே கேட்டார்.

“தம்பி, எங்கினை விழுந்தது?”

“இஞ்சதான் மாமி.”

“ஆக்களுக்கு ஒண்டும் இல்லையே?”

“இல்லை மாமி. கொண்டென்சர்.”

“அது ஆர்?”

ஆறாவது அம்பிளிபயர் அப்படிப் போனது. ஏழாவது வேலை செய்தது. ஆனால் இரைந்தது.

வீட்டில் கட்டும் அம்பிளிபயரின் இரைச்சலைப் பற்றி எழுதப் புகுந்தால் புராணம் ஆகும். சுவிட்சைப் போட்டதும் பாட்டுக்கு முன்னால் ‘உம்ம்ம்’ என்று ஒன்று வரும். பாட்டு முடிந்த பின்னும் அது போகாது. இவர் கொண்டென்சரைப் பெரிதாக்கினார், வயரைச் சிறிதாக்கினார், ரான்ஸ்போமரை எட்டுத் திசைக்கும் திருப்பி வைத்தார். வீட்டுக்காரி வந்து பார்த்தார்.

“என்னப்பா, உது பாடுதோ, முனகுதோ?”

“கொஞ்சம் பொறும். ஏர்த் பாக்கிறன்.”

“நேற்றும் உதைத்தானே பாத்தனீங்கள்.”

இந்தச் சமயத்தில்தான் ஒழுங்கைக்கு அங்காலே இருக்கும் முதிய நாதஸ்வர வித்துவான் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். முறைப்பாடு சொல்லத்தான் வருகிறார் என்று இவர் எழும்பி நின்றார். அவர் திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

“தம்பி, உதென்ன சுருதிப்பெட்டி?”

“சுருதியில்லை ஐயா. கறண்ட் இரையுது.”

“கறண்டோ? நல்லாத்தான் நிக்குது. அஞ்சு கட்டை. ஒரு மயிரிழை கூட.”

இவர் உள்ளே போய்க் கணக்குப் பார்த்தார். இலங்கை மின்சாரம் விநாடிக்கு 50 தடவை ஆடுகிறது. நாலு டயோட்டும் அதைப் புரட்டிப்போடும்போது மிஞ்சும் அலை 100. ஐந்து கட்டையின் கீழ்ச் சட்சம் 98. வித்துவான் சொன்ன மயிரிழை அந்த இரண்டுதான். மீற்றர் இல்லை, கருவி இல்லை, வாயில் வெற்றிலை.

“எங்கட நாயனம் ரண்டு கட்டை. உது அதுக்கு மத்திமத்தில நிக்குது,” என்றார் அவர். “மத்திம சுருதியில புன்னாகவராளி வாசிக்கலாம். உதை நிப்பாட்டிப் போடாதையும் தம்பி. ஒத்துப் பிடிக்கிற ஆளுக்கு இப்ப சரியான தட்டுப்பாடு.”

இவர் நிறுத்தத்தான் பார்த்தார். பெரிய கொண்டென்சர் போட்ட மறுநாள் வித்துவான் வந்து காது கொடுத்தார். “இப்ப கீழ்ஸ்தாயிக்குப் போட்டுது” என்று முகத்தைச் சுளித்தார். இவருக்கு அது தேவவாக்கு. 100 போய்விட்டது, இப்போது கேட்பது 50. மேல்ஸ்தாயியில் இரைந்தால் பிழை வடிகட்டும் கொண்டென்சர்ப் பக்கம். கீழ்ஸ்தாயியில் இரைந்தால் ஏர்த் வயர்கள் ஒன்றையொன்று சுற்றி வளையம் போட்டிருக்கின்றன, அல்லது பாட்டு வரும் வயர் ரான்ஸ்போமருக்குக் கிட்டப் படுத்திருக்கிறது. எல்லா ஏர்த்தையும் கொண்டுவந்து ஒரே புள்ளியில் சேர்த்தார். இரைச்சல் சுவர்க்கடிகாரச் சத்தத்துக்கும் கீழே இறங்கியது. பல இலட்சம் ரூபா பெறும் அளவுகருவி செய்கிற வேலையை ஒரு வெற்றிலைச் செலவில் முடித்துக்கொடுத்த வித்துவான், அடுத்த முறை வந்து வெகுநேரம் காது கொடுத்துவிட்டு, “கெடுத்துப் போட்டீர்” என்று எழும்பிப் போனார்.

இதற்கிடையில் கனடாவிலிருந்து மச்சான் வந்தார். கையில் ஒரு ஸ்பீக்கர், இளநீர் அளவு. பெட்டியில் 3,000 வாற் என்று அச்சடித்திருந்தது. ரி.டி.ஏ. 2030 தருவதோ 14 வாற்.

“மச்சான், உம்மடை எத்தினை வாற்?”

“பதினாலு.”

“ஆயிரமோ?”

“இல்லை. பதினாலு.”

மச்சான் அனுதாபத்தோடு தேத்தண்ணியைக் குடித்தார். இவர் விடவில்லை. 3,000 வாற் உண்மையென்றால் 230 வோல்ற்றில் அது 13 அம்பியர். சுவரில் இருக்கும் பெரிய பிளக் முழுவதையும் விழுங்கும். அந்தப் பெட்டியில் பாட்டும் கேட்கலாம், இடியப்பமும் அவிக்கலாம். இதுவோ போன் சார்ஜரில் ஓடுகிறது. அந்த மூவாயிரம், ஒரு கணத்தின் ஒரு துளியில் கற்பனையில் எட்டிய உச்சத்துக்கு வியாபாரி வைத்த பெயர். அதோடு, சத்தம் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வாற் பத்து மடங்கு வேண்டும். பதினாலு வாற் அம்பிளிபயரை நூற்றிநாற்பதாக்கினால்தான் பக்கத்து வீட்டார் வித்தியாசம் கண்டுபிடிப்பார்கள். இப்படிப் பத்து நிமிடம் விளக்கினார். அந்தப் பத்து நிமிடமும் இளநீர் ஸ்பீக்கர் பாடிக்கொண்டேயிருந்தது. இரையவும் இல்லை. அதுதான் இவருக்கு ஆறவில்லை.

வாற்றைக் கூட்டிச் சொல்வது புதுப் பழக்கமல்ல. 1960-களின் இறுதியில் இங்கிலாந்தின் கிளைவ் சின்கிளேர், ஐ.சி. 10 என்று ஒரு சிப் அம்பிளிபயரை வீட்டில் கட்டுகிறவர்களுக்கு விற்றார். பெயரில் இருந்த 10, உச்சத்தில் எட்டும் வாற். நின்று நிதானமாகத் தருவது அதில் பாதி. அப்போது பாதியாவது வந்தது.

அடுத்த கதையை இவர் விருந்தாளிகளுக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். 1999-இல் ஜப்பானில் ஜுன்ஜி கிமுரா என்பவரின் 47 லபோரட்டரி, கெயின்கார்ட் என்ற அம்பிளிபயரை வெளியிட்டது. விலை 1,500 டொலர். அதற்குப் பவர் தரும் உருளைக்கு ‘பவர் ஹம்ப்டி’ என்று பெயர்; அது தனியாக 1,800 டொலர். கேட்டவர்கள் சொக்கினார்கள். பிறகு யாரோ மூடியைத் திறந்தார்கள். உள்ளே எல்.எம். 3875 என்ற, கடையில் சில டொலருக்குக் கிடைக்கும் சிப்பும், விரல்விட்டு எண்ணக்கூடிய சில்லறைச் சாமான்களும். ஒரு பக்கம் ‘பகற்கொள்ளை’ என்று சத்தம். மறுபக்கம் ‘அந்தச் சில்லறையை அவ்வளவு கிட்டக் கிட்ட வைத்ததில்தான் வித்தை’ என்று வாதம். நடுவில், உலகம் முழுதும் ஆயிரக்கணக்கானவர்கள் பேசாமல் அதே சிப்பை வாங்கித் தங்கள் தங்கள் மேசையில் கட்டத் தொடங்கினார்கள். இன்று சிப் அம்பிளிபயர் என்றொரு பொழுதுபோக்குச் சமயமே இருப்பதற்கு அந்த மூடி திறந்த நாளும் ஒரு காரணம்.

“அப்ப உம்மடை பிஸ்கற் தகரத்தை ஆயிரத்து ஐந்நூறு டொலருக்கு வித்துக் காட்டும்” என்றார் மச்சான்.

2022 மார்ச் கடைசியில் இலங்கை முழுதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டினார்கள். கொழும்பு திகைத்தது. அளவெட்டி, ‘பதினொரு மணித்தியாலம் தருகிறார்களா!’ என்று கேட்டது. இவர் பழைய வாகனப் பற்றறி ஒன்றைத் தூசு தட்டினார். 12 வோல்ற்றில் ஓடும் அம்பிளிபயர் கட்டலாம். ஆனால் பாட்டு 6 வோல்ற் மேலேயும் 6 வோல்ற் கீழேயும்தான் ஆட முடியும். நாலு ஓம் ஸ்பீக்கருக்கு அது 4.5 வாற். எந்தக் கொம்பன் சிப் பூட்டினாலும் அதற்கு மேல் ஒரு இம்மியும் வராது. ஸ்பீக்கரின் இரு முனையையும் இரண்டு அம்பிளிபயர் எதிரெதிராகப் பிடித்துத் தள்ளினால் 18 வரை கணக்கு வரும். கார் ரேடியோக்களிலும் தெற்காசியாவின் எண்ணற்ற கைக்கட்டு அம்பிளிபயர்களிலும் குடியிருக்கும் சன்யோவின் எல்.ஏ. 4440 செய்கிற வேலை அது. இரண்டு அம்பிளிபயரும் ஒரே சிப்பில் ஒட்டிப் பிறந்தவை. பத்தாவது அம்பிளிபயர் அதில்தான் கட்டினார். முதல் சுவிட்சிலேயே வேலை செய்தது. பற்றறி என்பதால் துளி இரைச்சலும் இல்லை. இருட்டில் மாமி தேவாரம் கேட்டார். ஒழுங்கையில் நாலைந்து பேர் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். இவருக்கு நெஞ்சு நிறைந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்காரி அந்தப் பற்றறியைப் போன் சார்ஜ் பண்ண எடுத்துக்கொண்டார். பிறகு பக்கத்து வீட்டுப் போன்களும் வந்தன. ஒன்றரை என்ற அவருடைய கணக்கில் முழுசாக உள்ள ஒன்று, அந்தப் பற்றறிதான்.

பதினோராவதில் புளூடூத் போர்ட் பூட்டியிருக்கிறார். சுவிட்சைப் போட்டதும் அதற்குள்ளிருந்து ஒரு பெண் இங்கிலீசில் ‘தயாராக இருக்கிறேன்’ என்று அறிவிக்கிறாள். சத்தத்தை எவ்வளவு குறைத்து வைத்தாலும் அவள் தன் சத்தத்தைக் குறைப்பதில்லை. சாமம் பன்னிரண்டுக்கு அது கேட்டால், அறைக்குள்ளிருந்து, “ஆரப்பா அவள்?” என்று ஒரு குரல் வரும். அந்தப் போர்ட்டின் குரலை அடக்கும் வழி இவருக்கு இன்னும் பிடிபடவில்லை. மற்றக் குரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு யாருக்காவது கட்டிப்பார்க்க ஆசை வந்தால், ஒரே ஒரு காரியம். கட்டி முடித்த அம்பிளிபயரை நேராகச் சுவரில் சொருகாதீர்கள். பழைய காலத்துக் குண்டு பல்ப், 60 வாற், ஒன்றை எடுத்து, லைன் வயர் அதன் ஊடாகப் போய்வரும்படி தொடராகப் பூட்டுங்கள். 230 வோல்ற் வயர் என்பதால் கை பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சைப் போட்டதும் பல்ப் ஒருதரம் மின்னி மங்கினால் உங்கள் வேலை சரி. மின்னியபடியே நின்றால் எங்கோ ஒரு ஆணி முட்டுகிறது. கால் அம்பியருக்குச் சற்று மேல் ஓடவிடாமல் பல்ப் மறித்துக்கொண்டிருக்கிறது. சிப் தப்பியது, மோட்டுவளை தப்பியது. எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது, இழை உள்ள பல்ப்தான் வேண்டும். அது இப்போது கடைகளில் இலேசில் கிடைப்பதில்லை. இவரிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றை மாமி கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்ட வைத்திருக்கிறார். மற்றதை இரவல் கேட்டு யாரும் வரவேண்டாம். பன்னிரண்டாவது அம்பிளிபயர் மேசையில் இருக்கிறது.